கணக்கு பிடிக்கும் என்றால் என்ன பிடிக்கும்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் மயிலாப்பூர் மாட வீதியிலும், தி.நகரில் காலை நடைக்கு வருபவர்களிடமும், அடையாறு டிப்போ பக்கத்து ஜெராக்ஸ் கடைகளிலும் காதில் விழுகிற கேள்வி ஒன்றுதான்: “என்ன குரூப்?” 1978ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததிலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. இதற்கு முன்னோட்டமாக, பிள்ளை ஆறாவது ஏழாவது படிக்கும்போதே வீட்டுக்கு வருகிற விருந்தினர் ஒரு கேள்வி கேட்பார்: “உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?” கணக்கு என்றால் இன்ஜினீயர். சயின்ஸ் என்றால் டாக்டர். இரண்டும் இல்லையென்றால் காமர்ஸ், அதிலிருந்து சி.ஏ. தமிழ் பிடிக்கும், வரலாறு பிடிக்கும் என்று சொல்கிற பிள்ளைக்கு இந்த வாய்ப்பாட்டில் வரியே கிடையாது. “அது சரி, வேலைக்கு என்ன பண்ணுவே?” என்று விருந்தினர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். விருந்தினரின் முதல் கேள்வி நியாயமான கேள்விதான் என்பது என் கட்சி. கிடைத்த பதிலை நாம் படிக்கிற விதத்தில்தான் கோளாறு.

பிடித்த பாடம் வாழ்க்கையில் எங்காவது எதிரொலிக்கிறதா, இல்லை அது வெறும் சின்ன வயது ஆசையா? இதற்குக் கணக்கெடுத்துச் சொன்ன ஆய்வு ஒன்று உண்டு. 1988ல் எட்டாம் வகுப்பில் இருந்த அமெரிக்க மாணவர்களிடம், 30 வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று கேட்டு, அவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்தத் தரவை வைத்து ராபர்ட் டாயும் அவருடைய குழுவினரும் 2006ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அறிவியல் சார்ந்த வேலை என்று எட்டாம் வகுப்பிலேயே சொன்னவர்கள், சொல்லாதவர்களைப் போல 3.4 மடங்கு பேர் இயற்பியல் அறிவியல் அல்லது பொறியியலில் பட்டம் வாங்கியிருந்தார்கள். உயிரியல் துறைகளில் இது 1.9 மடங்கு. இதைவிடச் சுவையானது இன்னொரு ஒப்பீடு. கணக்கில் சுமாரான மார்க் வாங்கி அறிவியலில் ஆசை வைத்த மாணவர், இயற்பியல் அல்லது பொறியியல் பட்டம் பெறுவதற்கான வாய்ப்பு 34 சதவீதம். கணக்கில் நல்ல மார்க் வாங்கியும் மனம் வேறு பக்கம் இருந்தவருக்கு 19 சதவீதம்தான். மார்க்கைவிட ஆசை தூரம் போயிருக்கிறது. மார்க்கை மட்டும் பார்த்து குரூப் ஒதுக்குகிற பள்ளி நிர்வாகங்கள் இந்த இரண்டு எண்களையும் அட்மிஷன் அறையில் ஒட்டி வைக்கலாம்.

ஆனால் ஆசை வலுவானது என்று தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. அது எதன்மேல் ஆசை? கணக்கு பிடிக்கும் என்று சொல்கிற நான்கு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் நான்கு வேறு விஷயங்கள் பிடிபடும். ஒருத்திக்கு விடை கடைசியில் ‘டாலி’ ஆகிற அந்தக் கணம் பிடிக்கிறது. இன்னொருவனுக்கு விடையில் அக்கறையே இல்லை. புதிர் மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிற கணக்கு வேண்டும், விடை வந்ததும் சலித்துவிடும். மூன்றாவது ஆளுக்கு வடிவியலில் படம் போடுவது மட்டும் பிடிக்கும், இயற்கணிதம் வேப்பங்காய். நான்காவது பிள்ளைக்குப் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு முன்னால் கையைத் தூக்குவது பிடிக்கும், பாடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் பெண் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் மார்ச் மாதக் கடைசியிலும் முகம் சுளிக்காமல் உட்காரக்கூடியவள். இரண்டாமவனை அங்கே உட்கார வைத்தால் மூன்றே மாதத்தில் வாடிப்போவான். பாடத்தின் பெயர் நான்கு பேருக்கும் ஒன்றுதான், அதற்குள் நடக்கிற மன வேலை வேறு. பிற்காலத் தொழிலுக்குக் கூடவே போவது அந்த மன வேலைதான் என்பதற்கு சென்னையிலேயே சான்றுகள் இருக்கின்றன.

எஸ்.ஆர். ரங்கநாதனை எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் எம்.ஏ., மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலகத்தின் மேல் காதல் ஏதும் கிடையாது, சம்பளம் கூடுதல் என்பதே காரணம். சேர்ந்த சில நாட்களிலேயே வெறுத்துப்போனது. ஆள் நடமாட்டமில்லாத அறையில் சும்மா உட்கார்ந்திருப்பதைத் தாங்க முடியாமல் பழைய வேலையைத் திருப்பித் தரும்படி கல்லூரி முதல்வரிடமே போய் நின்றார். லண்டன் போய் நூலகப் படிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று பேச்சு முடிந்தது. லண்டனில் அவர் கண்ணில் பட்டது வேறொன்று. புத்தகங்களைப் பிரித்து வகைப்படுத்த அன்று இருந்த டூயி முறை, எல்லா விஷயங்களுக்கும் முன்கூட்டியே எண் கொடுத்து வைத்த நீண்ட பட்டியல். புதிதாக ஒரு துறை முளைத்தால் பட்டியலில் இடம் இருக்காது. கணித மூளைக்கு இது உறுத்தியது. கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது, சில துண்டுகளை வைத்து எத்தனை பொம்மை வேண்டுமானாலும் கட்ட முடிகிறதே என்று வழி திறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு புத்தகத்தின் விஷயத்தை ஐந்து அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, பிறகு தேவைக்கேற்பக் கோத்துக்கொள்வது என்ற அவருடைய கோலன் பகுப்பு முறை 1933ல் வெளிவந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1931ல், நூலக அறிவியலின் ஐந்து விதிகள். ஒரு துறையையே சில விதிகளிலிருந்து தொடங்கிக் கட்டி எழுப்ப வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? யூக்ளிடைப் படித்து வளர்ந்தவருக்குத்தான். ரங்கநாதன் கணிதத்தை விட்டு வெளியேறினார் என்று அவருடைய பயோடேட்டா சொல்லும். உண்மையில் அவர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். 1967ல், பெயர்பெற்ற நூலகவியலாளராக இருந்த காலத்தில், அவர் எழுதிய ஒரு புத்தகம் கணித மேதை ராமானுஜனைப் பற்றியது.

எஸ். சந்திரசேகர் கதை இதன் மறுபக்கம். திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலில் படித்துவிட்டு 1925ல் மாநிலக் கல்லூரிக்குப் போன பையனுக்குக் கணிதம்தான் வேண்டியிருந்தது. ராமானுஜனின் புகழ் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட காலம் அது. அரசாங்கக் கணக்குத் துறையில் உயர் பதவியில் இருந்த தந்தைக்கு மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும், அதற்கு இயற்பியல் ஆனர்ஸ் தோதாக இருக்கும் என்று எண்ணம். இருவரும் சமரசத்துக்கு வந்தார்கள். பதிவேட்டில் இயற்பியல், ஆனால் கணித வகுப்புகளிலும் போய் உட்காருவது. மயிலாப்பூரில், இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர் மாறிவிட்ட எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், ‘சந்திர விலாஸ்’ என்ற வீட்டிலிருந்து 1930ல் கப்பல் ஏறினார். 1983ல் நோபல் பரிசு. அது இயற்பியலுக்கானது. ஆனால் அதே ஆண்டு வெளிவந்த அவருடைய பெரிய நூலின் பெயரிலேயே ‘கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு’ என்று இருக்கிறது. அப்பா பாடத்தின் பெயரை மாற்றினார். பையனுடைய வேலையின் சுபாவம் மாறவில்லை.

அவருடைய சிற்றப்பா சி.வி. ராமன் இன்னும் கறாரான உதாரணம். 1907ல் மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்தபோது இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியில்லை. நிதித் துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் துணைக் கணக்கு அதிகாரி ஆனார். பத்து ஆண்டுகள் பகலில் பேரேடு, கல்கத்தாவில் இருந்த நாட்களில் காலையும் மாலையும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்தின் ஆய்வுக்கூடம். 1917ல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி வந்தபோது சம்பளம் குறையும் என்று தெரிந்தே ஏற்றுக்கொண்டார். பத்து ஆண்டு அரசாங்க வேலையாலும் அணைக்க முடியாத ஆசை இருக்கிறது என்பது இதில் ஒரு பாடம். அதே ஆளை அந்தப் பத்து ஆண்டும் சோறு போட்டுக் காப்பாற்றியது கணக்கு உத்தியோகம் என்பதும் பாடம்தான். இந்த இரண்டாவதை மேடைப் பேச்சாளர்கள் விட்டுவிடுவார்கள்.

இங்கே வாசகர் குறுக்கிடுவார்: “எல்லாம் மேதைகள். ஜெயித்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தினால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாமே.” நியாயம். கணிதத்தை மட்டும் பிடித்துக்கொண்ட ராமானுஜனே பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேறாமல், 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் நாராயண ஐயரும் அங்கே மேலதிகாரிகளாக வாய்த்திருக்காவிட்டால் கதை துறைமுகத்தோடு முடிந்திருக்கலாம். பெண்கள் விஷயத்தில் ஆசை எவ்வளவு சிறிய இடத்துக்குள் திரும்ப வேண்டியிருந்தது என்று பார்த்தால் இந்த ஆட்சேபம் இன்னும் கனக்கும். அன்னா மாணி சென்னையில் இயற்பியல் படித்தவர், ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் நிறமாலையை ஆராய்ந்தவர். 1945ல் லண்டனுக்குப் போனது இயற்பியல் ஆராய்ச்சி எண்ணத்தோடு. கிடைத்த உதவித்தொகையோ வானிலைக் கருவிகளைப் படிப்பதற்கானது. அதே சென்னையில் 18 வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு இருந்த ஏ. லலிதா, நேரங்காலமில்லாத மருத்துவம் சரிப்படாது என்று கருதி, அப்பா பேராசிரியராக இருந்த கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் சேர்ந்து 1943ல் பட்டம் வாங்கினார். பிடித்த பாடம் என்ற சொல் அவருக்கு ஆடம்பரம்.

ஆகவே ஆசையே விதி என்று நான் சொல்ல வரவில்லை. வேலை எது என்பதைச் சம்பளம், சாதி, பாலினம், அப்பாவின் கடன், அந்த வருடத்துச் சந்தை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கிடைத்த வேலைக்குள் ஒருவர் எந்த மூலையைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறார் என்பதில்தான் பழைய ஆசை பேசுகிறது. வானிலைத் துறைக்குள் போன அன்னா மாணி மழைக் கணிப்பாளர் ஆகவில்லை. நூற்றுக்கு நெருக்கமான கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அளவு துல்லியமாக இருக்கிறதா என்பதில் வாழ்நாளைச் செலவிட்டார். ஆய்வகத்து இயற்பியலாளர் செய்கிற வேலை அது. மயிலாப்பூரில் பிறந்த டாக்டர் வி. சாந்தா, ராமன்–சந்திரசேகர் குடும்பத்துப் பெண். வீட்டுப் பாடம் இயற்பியல், அவர் பிடித்துக்கொண்டது மருத்துவம். 1955ல் எம்.டி. முடித்த கையோடு எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் அரசு வேலைக்குத் தேர்வாகியிருந்தும், அதை விட்டுவிட்டு, முந்தின ஆண்டுதான் 12 படுக்கைகளோடு தொடங்கியிருந்த அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போனார். இரண்டும் டாக்டர் வேலைதான். குரூப்பும் பட்டமும் சொல்லித்தராத ஒரு பிரிவினை அது. அந்தப் பிரிவினையில்தான் அடுத்த 65 ஆண்டுகள் அடங்கியிருந்தன. பெயர் வாங்காதவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. ஒரே வங்கிக் கிளையில் ஒருவர் கடன் விண்ணப்பங்களில் ஓட்டை கண்டுபிடிப்பதிலும், இன்னொருவர் கவுன்ட்டரில் பென்ஷன்காரர்களோடு பேசுவதிலும் உயிர் பெறுகிறார்கள். பள்ளியில் முதலாமவருக்கு எது பிடித்திருக்கும், இரண்டாமவருக்கு எது பிடித்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. (கிரிக்கெட் வீரர் அஸ்வின் ஐ.டி. பொறியியல் படித்தவர் என்பதை வைத்து அவருடைய கேரம் பந்துக்கும் கம்ப்யூட்டருக்கும் முடிச்சுப் போட எனக்கும் ஆசைதான். போடமாட்டேன். எல்லா முடிச்சும் உண்மையான முடிச்சு அல்ல.)

அடுத்து மார்க் வாதம். மார்க் எங்கே வருகிறதோ அதுதானே பிடித்த பாடம் என்பார்கள். பாதி உண்மை. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1986ல் ஒரு நுணுக்கத்தைக் காட்டினார். பிள்ளை தன் மார்க்கை வகுப்பிலுள்ள மற்றவர்களோடு மட்டும் ஒப்பிடுவதில்லை, தன்னுடைய ஒரு பாடத்தை இன்னொரு பாடத்தோடும் ஒப்பிடுகிறது. கணக்கில் 93, ஆங்கிலத்தில் 98 என்றால், அந்தப் பெண் “எனக்குக் கணக்கு வராது” என்று முடிவு கட்டிவிடுவாள். பக்கத்தில் கணக்கில் 80, ஆங்கிலத்தில் 65 வாங்கிய பையன் “நான் கணக்கு ஆளு” என்று நெஞ்சை நிமிர்த்துவான். 2013ல் வாங், எக்லஸ், கென்னி மூவரும் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியது. கணிதத்திலும் மொழியிலும் ஒருசேரத் திறமையுள்ளவர்கள், கணிதத்தில் மட்டும் திறமையுள்ளவர்களைவிடக் குறைவாகவே அறிவியல் தொழில்களுக்குப் போகிறார்கள். அப்படி இரண்டிலும் தேர்ந்தவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்களுக்குத் திறமை போதவில்லை என்பதில்லை. போவதற்கு வேறு வழிகளும் இருந்தன, அவ்வளவுதான். நம் பொறியியல் கட்-ஆஃப் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்கு ஓர் எண்ணைச் சொல்கிறது. அந்த எண் ஒருவரால் முடியுமா என்பதைச் சொல்லும். பிடித்தம் பற்றிய தகவல் அதில் இல்லை.

ஆசை என்பதே ஒரு நல்ல வாத்தியார் வாய்த்த விபத்து என்ற வாதம் எனக்கு மற்றதைவிடப் பிடித்தது, ஏனென்றால் அது பெரும்பாலும் சரி. லயோலா கல்லூரியில் பிரெஞ்சுக்காரரான பாதிரியார் சார்லஸ் ரசீன் கணிதம் நடத்தாமல் இருந்திருந்தால் சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் எங்கே போயிருப்பார்களோ. உலகின் வேறு மூலைகளில் அன்று நடந்துகொண்டிருந்த கணிதம் என்ன என்று மாணவர்களுக்குக் காட்டியவர் அவர். வாத்தியார் பற்ற வைத்தது ஒரு தலைமுறைக்குப் பிறகு தி.நகர் ஜி.என். செட்டி சாலைக்கு வந்தது. 1989ல் சேஷாத்ரி தொடங்கிய கணித நிறுவனம், இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட், அங்கேதான் ஒரு கட்டடத்தில் சில அறைகளில் நடந்தது. அதற்கும் முன்பே, அரசியல் சட்டம் எழுதிய குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் லஸ் சர்ச் ரோடு வீட்டில், வக்கீல் புத்தகங்களுக்கு நடுவே மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் இயற்பியல் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். 1960ல் நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்துபோனார். 1962ல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. விபத்தாகத் தொடங்குவதால் ஆசை பொய்யாகிவிடாது. ஹிடி, ரென்னிங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 2006ல் ஆர்வம் வளர்கிற நான்கு கட்டங்களை விவரித்தார்கள். முதலிரண்டு கட்டமும் வெளியிலிருந்து ஊட்டப்படுவது: வாத்தியார், நண்பன், ஒரு சோதனைக் குழாய். பின்னிரண்டும் உள்ளேயிருந்து ஓடுவது. வாத்தியார் மாற்றலாகிப் போன பிறகும் அந்தப் பாடப் புத்தகத்தைப் பிள்ளை தானாக எடுக்கிறதா என்று பார்த்தால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஆப்டிட்யூட் டெஸ்ட் தேவையில்லை.

“எதைப் படித்தாலும் கடைசியில் ஐ.டி.தானே” என்பது 2000ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து அடையாறு பக்கம் உலவுகிற ஞானம். சிவில், மெக்கானிக்கல், கெமிக்கல் எல்லாரையும் கேம்பஸில் அள்ளிக்கொண்டு போய் ஒரே மாதிரி நாற்காலியில் உட்கார வைத்தது அந்தக் காலம். அப்போது பாடம் பொருட்டில்லை என்று தோன்றியது உண்மை. ஆனால் ஸ்பேனர் பிடிக்கும் கை திரையைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்ததற்கான விலையை எந்தச் சம்பளச் சீட்டும் காட்டாது. அதே கட்டடத்தில் புதிர் பிடித்தவர்கள் குதூகலமாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பெற்றோர் பக்கம் இருக்கிற மிக வலுவான வாதத்தை இன்னும் தொடவில்லை. ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும். அங்கிருந்து பி.காம். போகலாம், சட்டம் போகலாம், தமிழ் இலக்கியம்கூடப் போகலாம். காமர்ஸிலிருந்து பி.இ. போக முடியாது. இந்தக் கணக்கில் பிழை இல்லை. அதனால்தான் கணக்கு பிடிக்காத பிள்ளையும் ஃபர்ஸ்ட் குரூப்பில் உட்காருகிறது. மாசிலாமணி தெருவில் பிரில்லியன்ட் டுடோரியல்ஸ் இருந்து தபாலில் பாடம் போன காலத்திலிருந்து இன்றைய நீட் கோச்சிங் வரை தி.நகரின் டியூஷன் வியாபாரம் நடப்பதும் இந்தக் கதவுகளை நம்பித்தான். ஆனால் திறந்திருக்கிற கதவு வழியாகப் போக மார்க் வேண்டும். பிடிக்காத பாடத்தில் இரண்டு வருடம் முக்கி 110 கட்-ஆஃப் எடுத்த பிள்ளைக்குத் திறந்திருப்பது எந்தக் கதவு? இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்தாம் வகுப்பில் இருப்பவை தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். கணக்குப் பதிவியலை அந்த வயதில் யாரும் பார்த்ததே இல்லை. ஆகவே காமர்ஸ் குரூப்புக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பிடித்துப் போவதில்லை, மற்றதெல்லாம் பிடிக்காமல் போகிறார்கள்.

2020 தேசியக் கல்விக் கொள்கை கலை, அறிவியல் என்ற கெட்டியான பிரிவினை கூடாது என்கிறது. அந்தக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்கு இருக்கிற சண்டை வேறு விஷயம், அதில் பலவற்றில் தமிழ்நாடு சொல்வது சரி. இந்த ஒரு வரியை யார் சொன்னார்கள் என்று பார்க்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டமும் தேவையில்லை, பள்ளிகள் மனம் வைத்தால் போதும். பிளஸ் ஒன் முதல் பருவத்தை வெள்ளோட்டமாக வைத்துக்கொண்டு, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் குரூப் மாற்றிக்கொள்ள விடலாம். இப்போது சில வாரங்களிலேயே கதவைச் சாத்திவிடுகிறார்கள், செக்‌ஷன் பட்டியலைத் திரும்ப எழுத வேண்டுமே என்று. முப்பது வயதைத் தாண்டிய கணித ஆசிரியர் ஒருவருக்கு 1924ல், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று சொல்லி அனுப்ப இந்த ஊரில் ஒரு கல்லூரி முதல்வர் இருந்தார்.